கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, பஸ் செல் மட்டும் குறையவில்லை: எந்த வேளைச் சிறுநீரை அனுப்புகிறீர்கள்?

மன்னை_ஜிபி

44 வயதுப் பெண், எடை 48 கிலோ, சர்க்கரை கிடையாது. 5 மாதமாக நீர்க்கடுப்பு. இரவில் நாலைந்து முறை எழுந்திருக்கிறார். காய்ச்சல் இல்லை, எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

யூரின் ரொட்டீன்: பஸ் செல் (சீழ் செல்) 20–25, சிவப்பணு 6–8, ஆல்புமின் ட்ரேஸ், பி.ஹெச். 5.5. கல்ச்சர் மூன்று தடவை அனுப்பியாயிற்று, மூன்றும் "நோ குரோத்". நார்ஃப்ளாக்ஸசின் ஒரு கோர்ஸ், நைட்ரோஃபுரான்டாயின் ஒரு கோர்ஸ், கடைசியாக லீவோஃப்ளாக்ஸசின் 10 நாள். லீவோஃப்ளாக்ஸசினில் கடுப்பு பாதி குறைந்து, நிறுத்திய இரண்டாம் வாரம் பழையபடி. அல்ட்ராசவுண்டில் வலது சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது. கல் இல்லை என்கிறார்கள். கிரியேட்டினின் 1.3.

நான்காவது ஆன்டிபயாட்டிக் எழுத மனசு வரவில்லை. அடுத்து என்ன?

நுண்ணோக்கி

டாக்டர், முதலில் அந்த மூன்று "நோ குரோத்"தையும் விசாரிக்க வேண்டும். லேபில் சிறுநீர்க் கல்ச்சர் என்றால் க்ளெட் தட்டு, அல்லது ப்ளட் அகாரும் மெக்கான்கியும்; எல்லாம் கிருமி வளர்க்கும் தட்டுகள். 37 டிகிரியில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதில் வளரக்கூடிய கிருமியைத்தான் நாங்கள் தேடினோம், அது இல்லை. ரிப்போர்ட்டின் முழு அர்த்தம் அவ்வளவுதான். காசநோய்க் கிருமி, க்ளமைடியா, யூரியாபிளாஸ்மா எதுவும் அந்தத் தட்டில் தலைகாட்டாது.

இரண்டாவது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த சாம்பிளா? பலர் மருந்துக்கடையில் இரண்டு நாள் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் லேபுக்கு வருவார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

மூன்றாவது, எபிதீலியல் செல் (மேல்தோல் செல்) எத்தனை? எழுதவில்லையே. பெண்களின் சாம்பிளில் எபிதீலியல் செல் நிறைய இருந்தால் அந்தப் பஸ் செல் சிறுநீர்ப்பையிலிருந்து வந்ததாக நம்ப முடியாது, வெள்ளைப்படுதலோடு கலந்திருக்கும். தண்ணீரால் கழுவி, பிறப்புறுப்பின் உதட்டைப் பிரித்துப் பிடித்து, முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்த சாம்பிள் ஒன்று வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் 4 டிகிரி. மேசையிலேயே கிடந்தால் ஒரு பக்கம் கிருமி பெருகும், இன்னொரு பக்கம் செல் கரையும். சிறுநீர் காரமாக இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும்.

மன்னை_ஜிபி

எபிதீலியல் 1–2தான். கடைசி கல்ச்சர் மருந்து நிறுத்தி 12 நாள் கழித்து எடுத்தது.

கல்லடைப்பு_யூரோ

அப்படியானால் சாம்பிள் மேல் பழி போட முடியாது. மாதக்கணக்கில் கடுப்பு, அமிலச் சிறுநீரில் சீழ், கல்ச்சர் சுத்தம், ஒரு பக்கம் வீக்கம். நம் ஊரில் இந்த நாலும் சேர்ந்தால், இல்லை என்று நிரூபணமாகும் வரை சிறுநீர்ப்பாதைக் காசநோய் என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள். நுரையீரல் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது ஆறுதல் தராது. கிருமி ரத்தம் வழியாகச் சிறுநீரகப் புறணியில் போய் உட்கார்ந்து பல வருஷம் தூங்கிவிட்டு எழுந்திருப்பதுதான் இதன் வழக்கம்.

லீவோஃப்ளாக்ஸசினில் பாதி குறைந்தது என்றீர்களே, எனக்கு அதுதான் பெரிய துப்பு. ஃப்ளூரோகுவினலோன்கள் காசநோய்க் கிருமியையும் அடிக்கும். தனியாகக் கொடுத்தால் கிருமி சாகாது, பதுங்கும். ஏஎஃப்பி (சாயமேற்றிக் காசநோய்க் கிருமியைத் தேடும் சோதனை), கல்ச்சர் எல்லாம் பொய்யாக நெகட்டிவ் ஆகும். மருந்தை எதிர்க்கும் சக்தி வேறு கிருமிக்கு வளரும். அமிகாசின் ஊசிக்கும் இதே கதை, அது ஸ்ட்ரெப்டோமைசின் குடும்பம். சந்தேகம் வந்த பிறகு இந்த இரண்டையும் தொடாதீர்கள்.

ஆனால் காசநோயோடு நிறுத்திவிடாதீர்கள். இதே படத்தைத் தரும் மற்றவை: சிறுநீர்க்குழாயின் அடிமுனையில் அல்ட்ராசவுண்ட் பார்வைக்குத் தப்பிய சின்னக் கல், யாரோ போட்டு மறந்துபோன டிஜே ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாயைத் திறந்துவைக்கும் உள்குழாய்), வலிமாத்திரை தின்று வந்த சிறுநீரக அழற்சி, சிறுநீர்ப்பை உட்தோலோடு தட்டையாகப் பரவும் புற்று. 60 தாண்டிய புகைபிடிக்கும் ஆணாக இருந்தால் வரிசையைத் தலைகீழாக்கிப் புற்றை முதலில் வைப்பேன்.

பிஜி_நைட்டூட்டி

சார், ஏஎஃப்பிக்கு 24 மணி நேரச் சிறுநீர் சேர்த்து அனுப்பலாமா? எங்கள் வார்டில் பெரிய கேன் கொடுத்துவிடுகிறார்கள்.

நுண்ணோக்கி

வேண்டாம் தம்பி. ஒரு நாள் முழுக்க கேனில் கிடந்தால் மற்ற பாக்டீரியா பெருகி, காசநோய்க் கல்ச்சர் பாட்டிலை நாசமாக்கும். நீர்த்தும் போயிருக்கும். வேண்டியது விடிகாலை முதல் சிறுநீர், அதுவும் முழுவதும். நடுவில் பிடிப்பது இங்கே பொருந்தாது. இரவெல்லாம் பையில் தங்கியதில்தான் கிருமி செறிவாக இருக்கும். அகன்ற வாய் டப்பாவில் 3 முதல் 5 நாள் தொடர்ந்து, ஒவ்வொரு நாளும் தனி டப்பா, அன்றன்றே லேபுக்கு. ஐந்து நாளையும் சேர்த்து ஆறாம் நாள் கொண்டுவருவதும் 24 மணி நேர கேன் மாதிரிதான்.

30 மி.லி. டப்பாவைக் கொடுத்துவிட்டு "முழுச் சிறுநீர்" என்று எழுதினால் பாவம் அவர் என்ன செய்வார்? நிரம்பும் வரை பிடித்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுவார். டப்பா குறைந்தது 200 மி.லி. பிடிக்க வேண்டும்.

லேபில் அதை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் படியும் வண்டலில்தான் எல்லாம். ஸ்மியரில் அமிலம் தாங்கும் கிருமி தெரிந்தது என்பதை மட்டும் வைத்து மருந்து ஆரம்பித்துவிடாதீர்கள். வெளியுறுப்பில் சாதாரணமாக வாழும் ஸ்மெக்மாட்டிஸ் வகையும் அப்படித்தான் சிவப்பாகத் தெரியும். வண்டலில் சிபிநாட் அல்லது ட்ரூநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) போடுங்கள். பாசிட்டிவ் வந்தால் ரிஃபாம்பிசின் எதிர்ப்பும் சேர்ந்தே தெரியும். நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்றாகாது, சிறுநீரில் கிருமி விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் திரவக் கல்ச்சரும் சேர்த்து அனுப்புங்கள். 6 வாரம் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. சில பேருக்குக் காசநோய் மேல் ஈ.கோலையும் வந்து உட்காரும். கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்துவிட்டதே என்று ஃபைலை மூடினால், அதற்கு மருந்து கொடுத்த பிறகும் சீழ் அப்படியே நிற்கும்.

கல்லடைப்பு_யூரோ

சிடி எடுக்கும்போது ஒரு வார்த்தை. கல்லுக்கு எடுக்கிற மாதிரி மருந்து ஏற்றாத சிடி எடுத்து "நார்மல்" வாங்கிவராதீர்கள். சிடி யூரோகிராம் என்றே எழுதுங்கள். மருந்து ஏற்றிக் குறைந்தது 8–10 நிமிஷம் கழித்து எடுக்கும் படத்தில்தான் காலிக்ஸ் (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் சின்னக் கிண்ணம்) விளிம்பு தெரியும். வீக்கம் இருக்கும் பக்கம் மருந்து மெதுவாகத்தான் இறங்கும், அங்கே இன்னும் தாமதமாக ஒரு படம் கேளுங்கள். பார்க்க வேண்டியது: பூச்சி அரித்த மாதிரி காலிக்ஸ் ஓரம், காலிக்ஸ் கழுத்தில் சுருக்கம், சிறுநீர்க்குழாயில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இறுக்கம், சுருங்கித் தடித்த பை.

கிரியேட்டினின் 1.3 என்பதால் முதல் நாள் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், வலிமாத்திரையை நிறுத்துங்கள்.

வார்டு_சிஸ்டர்

ஃபார்மில் எந்த வேளைச் சிறுநீர் என்று டாக்டர்கள் எழுதவே மாட்டீர்கள். "யூரின்" என்று மட்டும் வரும். ஏஎஃப்பிக்கு முதல் சிறுநீர், சைட்டாலஜிக்கும் (புற்று செல்லைத் தேடும் சோதனை) அதையே பங்கு போட்டு அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. சரியா அது?

நுண்ணோக்கி

சரியில்லை சிஸ்டர், இரண்டும் நேர் எதிர். சைட்டாலஜிக்கு விடிகாலைச் சிறுநீர் ஆகவே ஆகாது. இரவெல்லாம் பையில் ஊறிய செல் உப்பிச் சிதைந்திருக்கும், புற்றா சிதைவா என்று பேதாலஜிஸ்ட் திணறி "ஏட்டிபிகல்" என்று எழுதித் தப்பித்துக்கொள்வார். முதல் சிறுநீரைக் கழித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் நடமாடிய பிறகு வரும் இரண்டாவது சிறுநீர்தான் சைட்டாலஜிக்கு. சுடச்சுட லேபுக்கு. முடியாவிட்டால் சம அளவு 50% ஆல்கஹால் ஊற்றி அனுப்புங்கள். மூன்று நாள் மூன்று சாம்பிள்.

ஆல்கஹால் ஊற்றிய டப்பா தவறிக் கல்ச்சருக்கு வந்தால் "நோ குரோத்"தான் வரும், சொல்லத் தேவையில்லை. அதே மாதிரி போரிக் ஆசிட் பொடி போட்ட டப்பா கல்ச்சருக்கு நல்லது, ஆனால் கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும். 5 மி.லி. மட்டும் பிடித்தால் போரிக் ஆசிட் செறிந்துபோய்க் கிருமியையே அமுக்கும்.

காரைக்கால்_பிசிஷியன்

வேளை பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பால் மாதிரி சிறுநீர் என்று வருகிறவர்களை எப்படிப் பார்க்கிறீர்கள்? 50 வயது ஆண், விட்டுவிட்டு 2 வருஷம். ஆல்புமின் 4 பிளஸ், 24 மணி நேரப் புரதம் 5 கிராம். நெஃப்ரோட்டிக் (சிறுநீரக வடிகட்டியில் புரதம் கசியும் நோய்) என்று ஸ்டீராய்டு 3 மாதம் ஓடியிருக்கிறது. இப்போது பயாப்ஸிக்கு எழுதியிருக்கிறார்கள். காலில் வீக்கமே இல்லை, கொலஸ்ட்ரால் நார்மல்.

நுண்ணோக்கி

பயாப்ஸி ஊசிக்கு முன்னால் ஒரு டெஸ்ட் டியூப்.

மதியம் எண்ணெயும் நெய்யுமாகச் சாப்பிட்டு 2–4 மணி நேரம் கழித்துச் சிறுநீர் வாங்குங்கள். வெறும் வயிற்றில் பிடித்தால் தெளிவாகவே இருக்கலாம். 5 மி.லி. எடுத்து முதலில் சூடு காட்டுங்கள், தெளிந்தால் யூரேட். தெளியாவிட்டால் வேறு டியூபில் சில சொட்டு நீர்த்த அசெட்டிக் ஆசிட்; தெளிந்தால் பாஸ்பேட், பயப்பட ஒன்றும் இல்லை. அதற்கும் தெளியாததை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள். சீழ் என்றால் அடியில் படிந்து மேலே தெளியும். கைல் (குடலிலிருந்து கொழுப்பைச் சுமக்கும் பால் நிற நிணநீர்) படியாது, பால் பாலாகவே நிற்கும். கடைசியாக 5 மி.லி. சிறுநீரோடு 5 மி.லி. ஈதர் ஊற்றி மூடிக் குலுக்கி, மூடியை அவ்வப்போது திறந்து ஆவியை விட்டு, நிற்க வையுங்கள். கொழுப்பு ஈதரோடு மேலே ஏற, அடியில் இருக்கும் சிறுநீர் கண்ணெதிரே தெளியும். பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கு எரியக் கூடாது, ஈதர் குப்பென்று பற்றும்.

கைல் சிறுநீரை ஒரு கண்ணாடி ஜாரில் சும்மா வைத்துப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். மேலே ஆடை மாதிரி கொழுப்பு, நடுவில் கொழகொழவென்று ஃபைப்ரின் கட்டி, அடியில் செல். சில பேருக்கு அந்தக் கட்டி உள்ளேயே உறைந்து சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சிறுநீரில் ட்ரைகிளிசரைடு அளக்க முடிந்தால் அதையும் கேளுங்கள். சாதாரணச் சிறுநீரில் அது இருக்கக் கூடாது.

கல்லடைப்பு_யூரோ

நிணநீர்க்குழாய் அடைத்து, அழுத்தம் தாங்காமல் சிறுநீரகப் பேசின் (காலிக்ஸிலிருந்து சிறுநீர் வந்து சேரும் இடம்) பக்கம் உடைந்து ஒழுகுகிறது. புரதம் வடிகட்டியில் கசியவில்லை, நிணநீரோடு நேரே கொட்டுகிறது. அதனால்தான் 5 கிராம் போயும் கொலஸ்ட்ரால் ஏறவில்லை. ஸ்டீராய்டு இங்கே பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. சர்க்கரையைத்தான் ஏற்றும்.

நம் பக்கம் காரணம் பெரும்பாலும் யானைக்கால் புழு, உச்சரீரியா பான்க்ராஃப்டி. கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் பேர்பெற்ற புரூகியா வகை காலோடு நின்றுவிடும், விரையையும் சிறுநீரையும் அநேகமாகத் தொடாது. இரவு 10 முதல் 2 மணிக்குள் ரத்தப்பூச்சு எடுங்கள். ஆனால் கைல் போகிற கட்டத்தில் பலருக்குப் புழு செத்துப்போய் நெகட்டிவாகவே வரும்.

சிகிச்சை படிப்படியாக. முதலில் சாப்பாடு: எண்ணெய், நெய், தேங்காய், முட்டை மஞ்சள், ஆட்டுக்கறி குறைத்து, புரதத்தைக் கூட்டி, தண்ணீர் நிறையக் குடித்து 2–3 மாதம். டிஇசி (யானைக்கால் புழு மருந்து) கிலோவுக்கு 6 மி.கி. வீதம் நாளுக்கு, மூன்றாகப் பிரித்துச் சாப்பாட்டுக்குப் பின், 12 முதல் 21 நாள். புழு மிச்சம் இருந்தால் அது சாகும். ஆனால் ஒழுகும் ஓட்டையை டிஇசி மூடாது, இதைச் சொல்லியே கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்று கோர்ஸ் தின்றுவிட்டு மருந்து சரியில்லை என்பார்கள்.

பார்மசி_பக்கம்

கைல் போகிறவர்களுக்கு நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு (எம்சிடி) நல்லது என்று படித்துவிட்டு, தேங்காய் எண்ணெயில் சமைக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். அது சரிதானே?

நுண்ணோக்கி

பாதிக்கும் கீழேதான் சரி. தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு லாரிக் அமிலம், 12 கார்பன். அதில் கணிசமான பங்கு நிணநீர் வழியாகத்தான் ஏறும். குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது 8, 10 கார்பன் சங்கிலி. அது தேங்காய் எண்ணெயில் கொஞ்சம்தான். கடையில் எம்சிடி எண்ணெய் என்று தனியாக விற்பதைத்தான் எழுத வேண்டும். விலை கடிக்கும்.

கல்லடைப்பு_யூரோ

சாப்பாட்டில் நிற்கவில்லை, எடையும் ஆல்புமினும் இறங்குகிறது, கட்டி அடைக்கிறது என்றால் அடுத்த கட்டம். முதல் நாள் இரவு வெண்ணெயும் பாலும் கொடுத்துவிட்டு சிஸ்டோஸ்கோப்பி. எந்தப் பக்கத் துவாரத்திலிருந்து பால் பீய்ச்சுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் சிறுநீர்க்குழாய்க் கதீட்டர் ஏற்றி, நீர்த்த போவிடோன் அயோடின் (0.2%) அல்லது சில்வர் நைட்ரேட்டைப் பேசினுக்குள் மெதுவாக விடுவார்கள். 5–10 மி.லி.தான், வலி என்று சொன்ன இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

சில்வர் நைட்ரேட்டில் உயிர்போகிற தவறுகள் நடக்கும். செறிவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காய்ச்சி வடித்த நீரில்தான் கரைக்க வேண்டும். சலைனில் கரைத்தால் சில்வர் குளோரைடாக வெள்ளையாகத் திரிந்து போகும். அன்றைக்கே கரைத்தது, பழுப்புப் பாட்டிலில். இரண்டு பக்கமும் ஒரே அமர்வில் ஒருபோதும் கூடாது, இரண்டு சிறுநீரகமும் ஒன்றாகப் படுத்துவிடும். இந்த ஆபத்தினாலேயே போவிடோன் பக்கம் சாய்பவன் நான். இரண்டு மூன்று தடவை விட்டும் திரும்ப வந்தால், சிறுநீரகத்தைச் சுற்றி நிணநீர்க்குழாய்களைப் பிரித்துக் கட்டும் லேப்பராஸ்கோப்பி.

மன்னை_ஜிபி

முதல் கேஸுக்கு வருகிறேன். சிடி யூரோகிராம் வந்தது: வலது மேல் காலிக்ஸ் கழுத்து சுருக்கம், காலிக்ஸ் ஓரம் அரித்திருக்கிறது, வலது சிறுநீர்க்குழாய் அடிமுனையில் 2 செ.மீ. நீளத்துக்கு இறுக்கம். பை சுவர் தடிப்பு. இரண்டாம் நாள் சாம்பிளில் சிபிநாட் பாசிட்டிவ், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. முதல் நாள் நெகட்டிவாகத்தான் வந்தது.

நாளையே மருந்து ஆரம்பிக்கலாமா, ஸ்டென்ட் முதலில் போடவா?

காசநோய்_களம்

ஆரம்பித்துவிடுங்கள். நிக்ஷயில் (அரசின் காசநோய்ப் பதிவுத் தளம்) பதிந்துவிட்டு, தினசரி டோஸ். 48 கிலோ என்றால் 35–49 கிலோ பட்டை, நாலு மருந்து சேர்ந்த மாத்திரை 3. ஒரு மாத்திரையில் ஐஎன்ஹெச் (ஐசோனியாசிட்) 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மி.கி. 2 மாதம் நாலும், பிறகு 4 மாதம் பைரசினமைடு இல்லாமல் மூன்றும்.

கிரியேட்டினின் 1.3 என்பதைப் பார்த்து "லேசாகத்தானே ஏறியிருக்கிறது" என்று விடாதீர்கள். 48 கிலோ உடம்புக்குக் காக்ராஃப்ட் கணக்குப் போட்டால் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம்) நிமிஷத்துக்கு 42 மி.லி.தான் வருகிறது. 30க்கு மேல் இருப்பதால் இப்போதைக்கு முழு டோஸ் சரி. 30க்குக் கீழே போனால் எத்தாம்பியூட்டாலும் பைரசினமைடும் வாரம் மூன்று நாளாக மாறும், அப்போது சேர்ந்த மாத்திரை உதவாது, தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும். ஐஎன்ஹெச்சும் ரிஃபாம்பிசினும் அப்படியே. ஆரம்பிக்கும் முன் கண் பார்வையும் சிவப்பு–பச்சை நிறப் பார்வையும் பார்த்து எழுதி வைத்துவிடுங்கள், கூடவே ஈரல் டெஸ்ட்.

ரிஃபாம்பிசினில் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். ஏற்கெனவே ரத்தம் போன ஆளுக்கு இதைச் சொல்லாமல் அனுப்பினால் மூன்றாம் நாள் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார். 44 வயது என்பதால் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள், ரிஃபாம்பிசின் அதைச் செல்லாமல் ஆக்கும்.

கல்லடைப்பு_யூரோ

மருந்தும் ஸ்டென்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டாம். மருந்தை நாளைக்கே ஆரம்பியுங்கள், ஸ்டென்டை அந்த வாரத்துக்குள் போட்டுவிடுங்கள்.

காரணம், புண் ஆறும்போது தழும்பு இறுகும். கடுப்பு குறைகிறது, பசி எடுக்கிறது, எடை ஏறுகிறது. எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் அந்த இரண்டாம் மாதத்தில்தான் சிறுநீர்க்குழாய் சத்தமில்லாமல் அடைத்துச் சிறுநீரகம் போய்விடுகிறது. முதல் 3 மாதம் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டும் கிரியேட்டினினும் கட்டாயம். ஸ்டென்ட் ஏறவில்லை என்றால் முதுகு வழியாகப் பிசிஎன் குழாய். இறுக்கத்தை வெட்டி ஒட்டும் ஆபரேஷன் பிறகு, குறைந்தது 4–6 வாரம் மருந்து உள்ளே போன பின்.

பையின் கொள்ளளவையும் இப்போதே குறித்துவையுங்கள். மூன்று நாள் ஒவ்வொரு முறை போகும்போதும் அளவுக் குவளையில் பிடித்து எழுதச் சொன்னால் போதும்.

யாழ்_வைத்தியர்

வணக்கம். இன்னொரு ஒளிஞ்சிருக்கிற வருத்தத்தையும் (நோயையும்) சேர்க்கலாம். நீரிழிவு உள்ள ஆம்பிளை, வயல் வேலை, மாரி தொடங்கிச் சில கிழமையில (வாரத்தில) காய்ச்சலும் சலம் (சிறுநீர்) அடைப்பும் என்று வந்தால் ப்ரொஸ்டேட்டில சீழ்க்கட்டி இருக்குதோ என்று பாருங்கோ. மெலியோய்டோசிஸ். இலங்கையிலயும் இருக்கு, தமிழ்நாட்டிலயும் இருக்கு. சேற்று மண்ணிலயும் தண்ணியிலயும் வாழுற பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை.

லேபில இதைச் சூடோமோனாஸ், இல்லாட்டி அழுக்கு என்று எறிஞ்சு போடுவினம். ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ், ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாது, ஆனால் கோ-அமோக்ஸிக்ளாவுக்கு அடங்கும். இந்த மூண்டும் ஒரே கிருமியில சேர்ந்திருந்தால் எறியவேண்டாம். கொலனி ரெண்டு மூண்டு நாளில வறண்டு சுருங்கித் தெரியும். பாதுகாப்புக் கேபினட்டுக்குள்ள வைச்சுத்தான் கையாளவேணும்.

வழக்கமான சலத்தொற்று மருந்து இதுக்கு எடுபடாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி ஆகக் குறைஞ்சது 2 கிழமை, கட்டி இருந்தால் ஆகக் குறைஞ்சது 4 கிழமை. கட்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல எண்டால் வடிச்சு விடவேணும். பிறகு கோ-ட்ரைமாக்ஸசோல் 3 மாதம். 60 கிலோவுக்கு மேல எண்டால் 160/800 மாத்திரை ரெண்டு, நாளுக்கு ரெண்டு வேளை, ஃபோலிக் ஆசிட்டும் சேர்த்து. 3 மாதத்தைச் சுருக்கினால் திரும்பி வரும்.

பிஜி_நைட்டூட்டி

ப்ரொஸ்டேட் சீழ் என்றால் மசாஜ் செய்து சாம்பிள் எடுக்கலாமா?

யாழ்_வைத்தியர்

கூடவே கூடாது தம்பி. கடும் அழற்சியில அழுத்தினால் கிருமி ரத்தத்துக்குள்ள போகும். விரலால மெல்லத் தொட்டுப் பார்த்தால் போதும். பிஎஸ்ஏயும் (ப்ரொஸ்டேட் புற்றுக்குப் பார்க்கிற ரத்தச் சோதனை) அந்த நேரம் அனுப்பாதையுங்கோ, பொய்யா ஏறும், 6 கிழமை பொறுங்கோ.

வார்டு_சிஸ்டர்

கதீட்டர் போட்டவர்களைப் பற்றி ஒன்று. கதீட்டரில் தொங்கும் சேகரிப்புப் பையிலிருந்து சாம்பிள் எடுத்து அனுப்பி, மூன்று வகைக் கிருமி வளர்ந்து, மெரோபெனெம் வரை போகிறது. கதீட்டரில் சாம்பிள் எடுக்க இருக்கும் போர்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்து ஊசியால் எடுக்க வேண்டும் என்றால், "அவசரம் சிஸ்டர்" என்கிறார்கள்.

கல்லடைப்பு_யூரோ

நீங்கள் சொல்வதுதான் சரி. கதீட்டர் போட்டு 2 வாரம் தாண்டியிருந்தால் அதை மாற்றிவிட்டு, புதியதிலிருந்து எடுக்க வேண்டும். பழையதன் உள்சுவரில் படிந்த படலம்தான் கல்ச்சரில் வளரும். அதைவிட முக்கியம், காய்ச்சல் இல்லை, வலி இல்லை என்றால் அனுப்பவே வேண்டாம். கதீட்டரில் சீழும் கிருமியும் எப்படியும் இருக்கும். டிஜே ஸ்டென்டிலும் அப்படியே. அறிகுறி இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பதற்கு மருந்து கொடுக்க வேண்டியது கர்ப்பிணிக்கும், உட்தோல் கிழியும் சிறுநீர்ப்பாதை ஆபரேஷனுக்கு முன்னும்தான். சர்க்கரை என்பதற்காகவோ வயது என்பதற்காகவோ இல்லை.

இதற்கு நேர்மாறாக, ரிப்போர்ட் சுத்தமாக இருந்தும் ஓட வேண்டிய கேஸ் ஒன்று உண்டு. சர்க்கரைக்காரர், குளிர்காய்ச்சல், விலாவில் வலி, சிடியில் சிறுநீர்க்குழாயில் கல். யூரின் ரொட்டீனில் பஸ் செல் 1–2. "தொற்று இல்லை" என்று வார்டில் படுக்கவைத்துவிடுவார்கள். கல் முழுசாக அடைத்திருந்தால் சீழ் மேலேயே தேங்கி நிற்கும், பைக்கு வருவது நல்ல பக்கத்துச் சிறுநீர் மட்டும். அன்றைக்கே பிசிஎன் அல்லது டிஜே. கல்லை எடுக்கிற யோசனையே அன்று வேண்டாம், வடிப்பது மட்டும். சிடியில் சிறுநீரகத்துக்குள் காற்று தெரிந்தால் எம்ஃபிசிமேட்டஸ், அதாவது காற்று உண்டாக்கும் கடுமையான சிறுநீரகத் தொற்று. அல்ட்ராசவுண்டில் அந்தக் காற்றைக் குடல்காற்று என்றோ கல் என்றோ சொல்லிவிட வாய்ப்பு அதிகம்.

பார்மசி_பக்கம்

"சூடு பிடிச்சிருக்கு" என்று வந்து அல்கலைசர் (சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும்) சிரப் கேட்பார்கள். அதோடு நைட்ரோஃபுரான்டாயினும் எழுதி வருகிறது.

நுண்ணோக்கி

இரண்டும் ஒத்துப்போகாது. நைட்ரோஃபுரான்டாயினுக்கு அமிலச் சிறுநீர்தான் பிடிக்கும். எரிச்சல் குறைவதால் சரியாகிவிட்டதாக நினைத்து மாத்திரையையும் பாதியில் விடுவார்கள். 100 மி.கி. இரண்டு வேளை 5 நாள், பெண்களின் சாதாரணப் பைத் தொற்றுக்கு மட்டும். காய்ச்சலும் விலா வலியும் இருந்தால் அது சிறுநீரகம், அங்கே இந்த மருந்து திசுவுக்குள் போகாது. சிறுநீரின் பி.ஹெச். தானாகவே 8ஐத் தாண்டி நின்றால் ப்ரோட்டியஸ், கூடவே தொற்றுக்கல் இருக்கும். அங்கே அல்கலைசர் எரிகிற அடுப்பில் நெய்.

மன்னை_ஜிபி

60 தாண்டியவர்களுக்குப் புற்று முதலில் என்று யூரோ சொன்னாரே. அதே சிறுநீர்ப்பைப் புற்றுக்கு பிசிஜி (காசநோய்த் தடுப்பூசியில் உள்ள வீரியம் குறைந்த கிருமி) ஏற்றியவர், சிறுநீரில் ஏஎஃப்பி பாசிட்டிவ் என்று வந்தால்?

காசநோய்_களம்

பிசிஜி ஏற்றிய விவரம் ஃபார்மில் இருந்தால் யாரும் தடுமாற மாட்டார்கள். வாரம் ஒன்றாக 6 வாரம் பைக்குள் விட்டது அந்தக் கிருமியைத்தானே, சிறுநீரில் அது வரத்தான் செய்யும். கடுப்பு மட்டும் என்றால் பொறுக்கலாம். 38.5க்கு மேல் காய்ச்சல் இரண்டு நாளாக நின்றால் ஏற்றுவதை நிறுத்தி ஐஎன்ஹெச், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால். நாலு சேர்ந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள், பிசிஜி கிருமிக்குப் பைரசினமைடு வேலை செய்யாது, ஈரலுக்குத்தான் சுமை.

ஏற்றிய அன்று 6 மணி நேரம் வரை உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, சம அளவு ப்ளீச் ஊற்றி 15 நிமிஷம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கதீட்டர் போடும்போது ரத்தம் வந்துவிட்டால் அன்று பிசிஜி கிடையாது, ஒரு வாரம் தள்ளி.

காரைக்கால்_பிசிஷியன்

என் கேஸில் ஈதர் போட்டோம். தெளிந்துவிட்டது. பயாப்ஸியை நிறுத்தச் சொல்லிவிட்டேன், ஸ்டீராய்டைப் படிப்படியாக இறக்குகிறோம். வேளை வாரியான பட்டியலில் இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியவர், சிறுநீரின் கடைசிச் சொட்டுகளில் ரத்தம் என்றால், பகல் 10 முதல் 2 மணிக்குள், கொஞ்சம் நடக்கவிட்டு, முடிவில் வரும் சிறுநீரைப் பிடியுங்கள். ஷிஸ்டோசோமா முட்டை ஒரு முனையில் முள்ளோடு தெரியும். ப்ராசிகுவான்டெல் கிலோவுக்கு 40 மி.கி., ஒரே நாளில் முடிந்துவிடும்.

மன்னை_ஜிபி

வலது டிஜே இன்று போட்டாயிற்று. மாத்திரை நேற்றே ஆரம்பம்.

வார்டு_சிஸ்டர்

எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் மட்டும் எழுதாதீர்கள் டாக்டர், அது மழையில் நனையும். மருந்து அட்டை மேல் பெரிதாக, "உள்ளே குழாய் இருக்கிறது, இந்த மாதம் மாற்ற வேண்டும்" என்று தமிழில் எழுதுங்கள். வீட்டில் இன்னொருவர் போன் நம்பரையும் ரிஜிஸ்டரில் வாங்கி வையுங்கள். கடுப்பு நின்றதும் குழாய் இருப்பதே மறந்துபோகும்.

கல்லடைப்பு_யூரோ

3 மாதம் என்று எழுதுங்கள் சிஸ்டர், 6 என்று எழுதினால் 9இல்தான் வருவார்கள். வரும்போது குழாயை இழுக்கும் முன் ஒரு எக்ஸ்ரே கேயூபி (சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை எடுக்கும் படம்). மேல் சுருளில் கல் படிந்திருந்தால் இழுக்கக் கூடாது. பிய்ந்து பாதி உள்ளே நின்றுவிடும்.

மன்னை_ஜிபி

3 என்று திருத்திவிட்டேன். முதல் அல்ட்ராசவுண்ட் வருகிற 4ஆம் வாரம், கிரியேட்டினினோடு. வந்ததும் போடுகிறேன்.